பழசு கேட்டு வரும் அக்கா

அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்கள் நாலு பேர். பக்கத்து வீட்டு அக்கா, அவரின் இடுப்பில் நாலரை வயது மகள், நான், என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என் மகள் ராணி. உள்ளே என் மனிசர் வேலை முடிந்து வந்து நித்திரை. அவரையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் அவர் ஒன்றையும் காணவில்லை, சேர்க்கத் தேவையில்லை. யார் கண்டது, யாருக்குத் தெரியும் என்று இதைப் பிறகு எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். எண்ணினால் மனம் ஆறும் என்று நினைப்பேன். ஆறுவதில்லை.

நான் ஒரு மஞ்சள் பூச்சட்டையை நீட்டினேன். ராணி போட்டுப் பழசாகிப்போன சட்டை என்று சொன்னேன். அது பொய். அக்கா வாங்கினார். நடந்தது அவ்வளவுதான்.

அக்கா பழசு கேட்டு வருகிறவர். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் இருந்தன. நாங்கள் மூன்றாவது, அவர்கள் நாலாவது. சித்திரை வருசத்துக்கு ஒரு கிழமை முந்தி, தீபாவளிக்கு ஒரு கிழமை முந்தி, மகள் பிறந்த நாளுக்கு முந்தி, அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலுக்கும் வருவார்.

"பிள்ளை, பழசு ஏதும் கிடக்கோ?"

அவர்கள் இல்லாதவர்கள் அல்ல. அவரின் மனிசர் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் குழாய் பூட்டுகிற பிற்றர் வேலை. மாதம் தவறாமல் ஓவர்ரைம். எங்கள் வரிசையில் முதன்முதல் ரேடியோ வந்த வீடு அது. கண்ணாடி போட்ட அலுமாரி இருந்தது. தையல் மெசினும் இருந்தது. கோணேசர் கோயில் திருவிழாவுக்கு அக்கா நல்ல பட்டுச் சேலை உடுத்துப் போவார். இடுப்பில் இருக்கும் பிள்ளை மட்டும், யாரோ வீட்டுப் பெடியன் போட்டுக் கழித்த சேட்டோடு இருக்கும். பித்தான் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பார்க்கிறவர்கள் பிள்ளையை வேலைக்காரியின் பிள்ளை என்று நினைப்பார்கள். பிள்ளைக்குப் பெயர் பிச்சம்மா. பிறப்புப் பத்திரத்தில் வேறு ஒரு அழகான பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட அக்கா விடமாட்டார்.

கேட்டு வாங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாய் திறந்து கேட்க வேண்டும். காசு கொடுக்கக் கூடாது. சுகமாக இருக்கிற பிள்ளை போட்டதாக இருக்க வேண்டும். வாங்கினபின் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். இரக்கிறவர் என்று நினைத்துக் கந்தலைக் கொடுத்தால் எடுக்கவும் மாட்டார். சட்டையை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கழுத்தை இழுத்துப் பார்ப்பார். கக்கத்துப் பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார்.

"இது வேண்டாம். கொலர் போயிட்டுது. வேற பார்."

"அக்கா, கடையிலயே நிக்கிறீங்கள்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

"கடையில எண்டால் காசு குடுத்திட்டுப் பேசாமல் வந்திடலாம், பிள்ளை. இதுக்குத்தான் கவனமாப் பார்க்க வேணும்."

ஐந்தாவது வீட்டுக்குப் புதிதாக ஒரு கிளாக்கர் குடும்பம் வந்தது. அந்தக் கிளாக்கரின் மனிசிக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் தரம் அக்கா போய்க் கேட்டபோது, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னா:

"மனிசன் ஓவர்ரைம் அடிக்கிறார், மனிசி பிச்சை எடுக்கிறா. நல்ல குடும்பம்தான்."

அக்கா முகம் சுளிக்கவே இல்லை.

"ஓம் பிள்ளை, பிச்சைதான். பேரும் பிச்சம்மாதானே வைச்சிருக்கிறன். உன்ர சின்னப் பெடியன்ர காற்சட்டை ஒண்டு கொடியில கிடக்குது, சின்னனாப் போயிட்டுதுபோல. அதைத் தாவன்."

கிளாக்கர் மனிசி கொடுத்துவிட்டா. கொடுக்காமல் இருக்க யாருக்கும் ஏலாது. அக்கா கேட்கிற விதம் அப்படி. கெஞ்சல் இல்லை. வெட்கமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கேட்கிறமாதிரிக் கேட்பார்.

ஏன் என்று எனக்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் அலுமாரியில் எதையோ தேடும்போது ஒரு படத்தை எடுத்து என் கையில் தந்தார். ஸ்ரூடியோவில் எடுத்தது. மூன்று வயதுப் பெடியன், கதிரையில் ஒரு கையை ஊன்றி நிற்கிறான். வெல்வெட் உடுப்பு, கழுத்தில் நாடா கட்டின சின்ன போ, காலில் வெள்ளைச் சப்பாத்து. தலையை வகிடெடுத்து அழுத்தி வாரியிருந்தது.

"மூத்தவன். கொழும்பில தைப்பிச்சது. முப்பத்தைஞ்சு ரூபா. இதைப் போட்டுக்கொண்டு பெருந்தெருவால நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். கடைக்காரரெல்லாம் எட்டிப் பார்த்தவை. ஒரு மாதம், பிள்ளை. ஒரே மாதம்தான்."

தொண்டையில் ஒரு வருத்தம் வந்து செத்துப்போனான். அவனுக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளையும் ஒன்றரை வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அதுக்கும் முதல் பிறந்த நாளுக்குப் புதுசு எடுத்ததாம். எவ்வளவு என்று அதுக்கும் சொன்னார், இருபத்திரண்டு. மூன்றாவதாக இந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நேர்த்தி வைத்துவிட்டார். ஏழு வயது முடியும்வரைக்கும் புதுத்துணி உடம்பில் படாது. ஊர்ப்பழசுதான். இது யாரும் ஆசையாகப் பெற்ற பிள்ளை இல்லை, இரந்து திரிகிற பிள்ளை என்று, எது பார்த்துக்கொண்டு இருக்கிறதோ அது நினைக்க வேண்டும்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இப்படியான நம்பிக்கை பாவம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது பிழை அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளுக்கும் மூன்று வயதில் ஒரு ஸ்ரூடியோப் படம் எடுத்திருந்தோம். அன்று வீட்டுக்குப் போனவுடன் அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஒரு தரம் கொழும்பிலிருந்து அவரின் மச்சாள் பிச்சம்மாவுக்கு ஒரு புதுச் சட்டை அனுப்பியிருந்தா. வெளிர்நீலம், நெஞ்சில் சிப்பிப் பித்தான், வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிதாகத் தைத்தது. அக்கா பார்சலை வாசலுக்கு உள்ளே எடுக்கவில்லை. தபால்காரன் தந்த கையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ராணிக்குப் போடு. ஒரு வருசம் நல்லாப் போடட்டும். பிறகு நான் வந்து கேக்கிறன்."

"அக்கா, இது உங்கட பிள்ளைக்கு வந்தது."

"இன்னும் வரேல்ல. உன்னட்டத்தான் வந்திருக்கு."

ராணி ஒரு வருசம் பூசைக்கு அதைத்தான் போட்டுப் போனாள். எங்களுக்கு அது பெரிய உதவி. சரியாக ஒரு வருசம் கழித்து அக்கா வாசலில் வந்து நின்று, ஒன்றும் தெரியாத ஆள்போலக் கேட்டார்: "பிள்ளை, பழசு ஏதும் கிடக்கோ?" நானும் அந்தச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். இருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஏற்பாட்டில் நானும் ஒரு கையாகிவிட்டேன்.

பிறகு துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து கிழித்துத் தந்தார்கள். என் மனிசர் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு வர்ணம் பூசுகிற வேலை. சம்பளத்தில் அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, சீட்டுக்கு என்று எடுத்து வைத்தால் பிள்ளையின் உடுப்புக்கு என்று மிஞ்சுவது ஒரு வருசத்துக்கு ஒரு சட்டை. ஒவ்வொரு தரமும் இதற்குள் கிடந்து உழலுவேன். நல்லதாக எடுத்தால், ஆறு மாதத்தில் கட்டையாகிவிடுமே. மலிவாக எடுத்தால், மூன்று துவைப்பில் சாயம் போய் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுமே. பெரிதாக எடுத்தால், பிள்ளை சாக்குக்குள் விழுந்தமாதிரி இருக்குமே. அக்காவுக்கு இந்தக் கணக்கே இல்லை என்று அப்போது பொறாமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணர் வருவார், நானா என்று கூப்பிடுவோம். லாஞ்சி வள்ளத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, புடவைக்கட்டைப் பின்னால் கட்டி வீடு வீடாக விற்பார். மில்லில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளில் அவரின் மனிசி பிள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பா. காசைத் தவணையாகக் கொடுக்கலாம், கொப்பியில் எழுதிக்கொள்வார். அவரிடம்தான் ராணிக்கு மஞ்சள் பூச்சட்டை எடுத்தேன். அது அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது.

"பிள்ளை, இது சின்னனாப் போனால் வேற ஆருக்கும் குடுத்திடாத. சரஸ்வதி பூசைக்கு இவளுக்கு ஏடு தொடக்க வேணும். மஞ்சள் நல்லது. அதுக்கு இதைத்தான் கேப்பன்."

"இது உங்களுக்குத்தான் அக்கா" என்றேன்.

சரஸ்வதி பூசைக்கு ஒரு மாதம் இருக்கும். சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அந்தச் சட்டையை அழுத்திக்கொண்டு இருந்தேன். அன்று காலையில் என் மனிசருக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்த கதை. அதை யோசித்துக்கொண்டே பெட்டியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மணம் வந்தபிறகுதான் தூக்கினேன். நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு எரிந்துபோயிருந்தது.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயிடம் போய், உங்கள் பிள்ளைக்கு என்று சொல்லி வைத்த சட்டை நெஞ்சில் எரிந்துபோச்சு என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் நானா வந்தார். அதே துணி கிடக்கிறதா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு சட்டை மிச்சம் ஈக்கு, தங்கச்சி. ஆனா இப்ப விலை ஏறிட்டு. பதினாலு ஐம்பது."

ஆனாலும் எடுத்தேன். ஐந்து ரூபா கொடுத்து மிச்சத்துக்கு எழுதச் சொன்னேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. புதுச் சட்டையைப் பழசாக்கினேன். சவுக்காரம் போட்டு ஏழெட்டுத் தரம் கல்லில் அடித்தேன். நடு வெயிலில் காயவிட்டேன். ராணி வளர்ந்துவிட்டதால் அவளுக்கு அது இறுக்கம். அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு நாள் போட்டுவிட்டு மணலில் விளையாடு என்று சொன்னேன். "அம்மா, புதுச் சட்டையோட மணலில விளையாடச் சொல்லுறீங்கள்?" என்று பிள்ளை திகைத்துப்போனாள். கீழ்க்கரையின் தையலைப் பிரித்து, மடிப்பை இறக்கின சட்டைபோல, வேறு நூலால் திரும்பத் தைத்தேன். சட்டைக் கையில் சின்னதாக ஒரு கிழிசலை நானே கிழித்து நானே இழை ஓட்டினேன். எரிந்த சட்டையை அடுப்பில் வைத்தேன்.

முதலில் சொன்ன நாள் அதற்குப் பிறகு வந்தது. அக்கா வெயிலில் பிடித்துப் பார்த்தார். மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல எனக்குப் பட்டது. பிறகு வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பிச்சம்மா மஞ்சள் சட்டையோடு ஏடு தொடக்கினாள். அதற்குப் பிறகு அதைக் கழற்றவே விடவில்லையாம். பதினைந்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாளும் இறங்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெருப்புக்காய்ச்சல், டைபொயிட் என்றார் டொக்டர்.

"கிணத்துத் தண்ணி" என்றார் என் மனிசர். "முதலாம் வீட்டுப் பெடியனுக்கும் இதுதானே. ஏன் நீர் இப்பிடி நடுங்குறீர்?"

முதலாம் வீட்டுப் பெடியனுக்கும் காய்ச்சல்தான், உண்மை. ஆனால் அவனுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்குப் போனேன். உள்ளே பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தது. உதடு வெடித்து, கை இரண்டும் குச்சிபோல. அக்கா வாட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அவர் கேட்கமுதல் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எரிந்தது, எடுத்தது, துவைத்தது, கிழித்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன அக்கா?"

"கையில வாங்கேக்கையே தெரியும். நாலரை வருசமாப் பழசு வாங்கிறவள் நான். கரை பிரிச்சுத் தைச்சால் பழைய மடிப்பில அழுக்குக் கோடு ஒண்டு நிக்கும். இதில இல்லை. பழசுக்கு எவ்வளவு துவைச்சாலும் கக்கத்தில பிள்ளை மணம் கிடக்கும். இதில சவுக்காரம்தான் மணத்தது."

"தெரிஞ்சுமோ போட்டுவிட்டனீங்கள்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. வேப்பங்கொட்டை ஒன்றைக் காலால் நசித்துக்கொண்டு இருந்தார்.

"ஆசையா இருந்தது, பிள்ளை. நீ பழசு எண்டு சொல்லித்தானே தந்தனி. நான் அதை நம்பின ஆளா இருப்பம் எண்டு நினைச்சன். இவள் கண்ணாடிக்கு முன்னால போய்ச் சுத்திச் சுத்திப் பார்த்தாள். நாலரை வருசத்தில இவள் கண்ணாடி பார்த்ததை நான் காணேல்ல. ஒரு நாளைக்குத்தானே எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார்.

"அந்த நானாவுக்குக் காசு முழுக்கக் குடுத்திட்டியோ?"

"இல்லை அக்கா. போன மாதம் மூண்டு ரூபா குடுத்தனான். மிச்சம் கிடக்குது."

அவரின் முகத்தில் வந்த மாற்றத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. மூச்சு முட்டிக் கிடந்த ஆளுக்குக் கதவு திறந்தமாதிரி.

"குடாத."

"என்ன?"

"இனி ஒரு சதமும் குடாத. காசு முடியேல்ல எண்டால் அது இன்னும் நீ வாங்கின சட்டை இல்லை. அது நானாவின்ர சட்டை. அவரிட்ட இரந்து வாங்கினமாதிரித்தான். விளங்குதோ? கடன் கிடக்கிறவரைக்கும் அது புதுசு வாங்கினதா ஆகாது."

"அக்கா, அந்த மனிசன் பாவம்."

"பாவம்தான். ஆனால் குடாத. என்ர பிள்ளையை உன்ர கையில தந்திருக்கிறன்."

பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. முதலாம் வீட்டுப் பெடியனுக்கும் அதே கிழமைதான் இறங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல.

ஆனால் நானா மாதம் மாதம் வந்தார். கொப்பியைத் திறந்தார். நான் கையை விரித்தேன். வேறு ஏதும் எடுத்தால் முழுக் காசையும் அந்த இடத்திலேயே கொடுத்தேன். தலையணை உறை எடுத்தேன், துவாய் எடுத்தேன், தேவையில்லாததெல்லாம் எடுத்தேன். அந்த ஒரு கணக்கை மட்டும் தொடவில்லை.

"என்ன தங்கச்சி இது? துவாய்க்குக் காசு ஈக்கு, சட்டைக்கு இல்லையா?" என்று சிரித்துக் கேட்டார். பிறகு சிரிக்காமல் கேட்டார். ஒருநாள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "என்னைப் பார்த்தா உங்களுக்கு விளையாட்டாப் படுது. இந்த வெயிலுக்குள்ள நானும் பிள்ளை குட்டிக்காகத்தான் மிதிக்கிறன்." அன்று பின்னேரம்வரை என்னால் ஒரு வேலையும் செய்ய ஏலவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழையின் கூலியைப் பிடித்து வைப்பது பெரிய பாவம். முதலில் கடனைக் கொடு, பிறகு வா" என்றார். அவர் சொன்னது சரி. நான் கொடுக்கவில்லை. அதனால் நற்கருணை அப்பம் வாங்கி நன்மை எடுக்கவும் போகவில்லை. பூசையில் எல்லாரும் எழும்பிப் போகும்போது நான் வாங்குப் பலகையில் இருப்பேன். என்ன நடந்தது என்று என் மனிசர் கேட்டார். தலையிடி என்றேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குத் தலையிடி என்று சொல்லலாம்?

பிச்சம்மாவுக்கு ஏழு வயது முடிந்தது. நேர்த்தியைத் தீர்க்க, பிள்ளைக்கு முதன்முதலாகப் புதுச் சட்டை எடுக்க வேண்டும். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பெருந்தெருவுக்குப் போனார். கடைக்காரர் சட்டைகளை மேசையில் பரப்பினார். பழசு வாங்கும்போது அப்படி நுணுகிப் பார்க்கிற மனிசி, புதுசுக்கு முன்னால் நின்று வியர்த்தார். ஒன்றை எடுப்பார், விலைத்துண்டைப் பார்ப்பார், சூடு பட்டதுபோல் வைப்பார்.

"பிள்ளை, எவ்வளவு செலவழிச்சால் சரி?"

"உங்களிட்டக் காசு இருக்குத்தானே அக்கா. பிள்ளைக்குப் பிடிச்சதை எடுங்கோ."

"அதைக் கேக்கேல்ல. முப்பத்தைஞ்சு கூடிப்போச்சு. இருபத்திரண்டும் கூடிப்போச்சு. எதிலை நிக்க வேணும்? பத்து எண்டால் சரியோ? பன்னிரண்டோ?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதுதான் நான் ஒவ்வொரு வருசமும் என்னையே கேட்கிற கேள்வி. ஆனால் நான் கேட்கும்போது அது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் இருந்தது. கடைசியில் ஒன்பது ரூபாவுக்கு, வெள்ளையும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு நிறத்தில் ஒன்றை எடுத்தார். பிச்சம்மா பக்கத்தில் கிடந்த சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரும் வழியில், நேர்த்தி முடிந்துவிட்டதுதானே, இனி நானாவின் கணக்கைத் தீர்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"நேர்த்தி மற்றச் சட்டையளுக்கு. இது நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த களவு. இதுக்கு வயசுக் கணக்கு இல்லை."

பிறகு அரசாங்கம் மாறியது. வெளிநாட்டு உடுப்புக் கடை கடையாகத் தொங்கியது. கைத்தையல் பிள்ளைச் சட்டையை யார் எடுப்பார்கள்? ஒருநாள் நானா கட்டு இல்லாமல் வெறும் சைக்கிளோடு வந்தார். கையில் கொப்பி மட்டும்.

"வியாபாரத்தை விட்டுட்டன், தங்கச்சி. மகன் கடை போடப் போறான். எனக்கும் வயசு போயிட்டு. தரக்கூடியவங்க தந்தாங்க. ஏலாதவங்கட கணக்கைப் பொறுத்து வெட்டிக்கொண்டு வாறன். உங்கடயும் பொறுத்…"

"ஐயோ நானா, பொறுக்க வேண்டாம்!"

நான் கத்தின சத்தத்துக்கு அக்கா அடுத்த வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். நானாவுக்கு அவரைத் தெரியும். இத்தனை வருசம் தன்னிடம் ஒரு சாண் துணி வாங்காத மனிசி என்று என்னிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்று, வாசல் வாசலாகக் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"நானா, நான் வாய் திறந்து கேக்கிறன். அதை வெட்டாதேங்கோ."

"என்ன கதை இது? கடனை வெட்டாத எண்டு ஆளும் கேக்கிறதா?"

அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். படத்தைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். நானா சைக்கிளில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே பிச்சம்மா உரத்துப் பாடம் படிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

"உசிரு அல்லாஹ்ட கையில, தங்கச்சி. என்ட கொப்பிலயா ஈக்கு?"

"எனக்கும் தெரியும் நானா. ஆனால் வெட்டாதேங்கோ."

"நான் மௌத்தாப் போனா?"

"மகனிட்டச் சொல்லி வையுங்கோ."

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் ஒண்டு போயிருக்கு" என்றார். "மூணாவது." பிறகு கொப்பியிலிருந்து அந்தப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்து என் கையில் தந்தார். "வெட்டல்ல. பொறுக்கவும் இல்ல. நான் கேக்காம விட்டிருக்கன், அவ்வளவுதான். கடன் கடன்தான்."

அன்றைக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கடன்காரருக்கே தெரிந்திருக்கிறது, அவர் ஒப்புக்கொண்டும் இருக்கிறார், இனி இது பாவம் இல்லை என்று நானாகவே முடிவெடுத்து நன்மை எடுத்தேன். சாமியாரிடம் திரும்பக் கேட்கப் பயம்.

அதற்கு இரண்டு வருசத்துக்குப் பிறகு அக்காவின் மனிசருக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம் வந்தது. சாமான் ஏற்றின லொறியில் முன்னால் ஏறி இருந்துகொண்டு, அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டு ஒரு சொல்தான் சொன்னார்: "குடுத்திடாத." போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டிருந்தார். நான் பதில் எழுதினேன். எழுத்துப் பிழையோடுதான் எழுதினேன், ஆனால் முகவரி சரியாகத்தான் எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இப்போது நாடு கிடக்கிற கிடையில் யார் எங்கே போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்பது?

போன மாதம் நானாவின் மகன் வந்து, வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று சொன்னான். கேட்டவுடன் முதலில் காசு முடிச்சைத்தான் அவிழ்த்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டான். பிறகு திரும்ப முடிந்தேன். பிச்சம்மா இப்போது பதினான்கு பதினைந்து வயதுக் குமர். எங்கேயோ ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகமாக இருக்கிறாள் என்று யாராவது வந்து ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். சுகமாக இருந்தால் கொடுக்கலாமா என்பதும் யோசனைதான். கொடுக்காததால்தான் சுகமாக இருக்கிறாள் என்று அப்போதும் தோன்றும்.

நானா கிழித்துத் தந்த பக்கம் என் செபப் புத்தகத்துக்குள் கிடக்கிறது. அவரின் கையெழுத்து. மஞ்சள் சட்டை ஒன்று, பதினாலு ஐம்பது. வரவு ஐந்து. வரவு மூன்று. நிலுவை ஆறு ரூபா ஐம்பது சதம்.